வண்டியில் ஒட்டுவது யார் படிக்க?

கேள்வி: மச்சான் அரசு ஊழியர். சொந்த பைக்கின் நம்பர் பிளேட்டில் சிவப்பில் 'அ' எழுதி வைத்திருக்கிறார். அவசரத்துக்கு நானும் எடுத்துப் போவேன். போலீஸ் பிடிக்குமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: பிடிக்கலாம். நீங்கள் ஓட்டினாலும் சரி, மச்சானே ஓட்டினாலும் சரி. வேலைதான் அரசு வேலை, பைக் அவர் காசில் வாங்கியது, அப்புறம் அதற்கு எதற்கு அரசு வண்டிக்கான 'அ'? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50, 51 இரண்டும் நம்பர் பிளேட்டின் நிறம், எழுத்தின் அளவு வரைக்கும் சொல்லிவிடுகின்றன. சாமி படம், கட்சிக் கொடி, சாதிப் பெயர் எதற்கும் அங்கே இடம் இல்லை. முதல் தடவை அபராதம் 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500. பிளேட்டை விட்டுவிட்டுக் கண்ணாடியில் ஒட்டினால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்து போலீஸ், தனியார் வண்டிகளில் 'பிரஸ்', 'போலீஸ்', 'வக்கீல்' என்று எங்கே ஒட்டியிருந்தாலும் நடவடிக்கை என்று அறிவித்தது. இதையெல்லாம் பின்னால் வருகிறவர் படிக்கவா ஒட்டுகிறார்கள்? செக்கிங்கில் நிற்கிற போலீஸ்காரர் படிக்கத்தான்! மச்சானிடம் நீங்களே பேசி அந்த எழுத்தை அழிக்கச் சொல்லுங்கள், கோபப்பட்டால் அபராதத்தை அவர் கணக்கில் எழுதுங்கள்.

கேள்வி: லாரிகளில் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்று இருக்கிறதே, அது சட்டமா? (சேலம்)

பதில்: சட்டம் இல்லை, பழக்கம். மகாராஷ்டிரா அரசு 2015-இல் இதற்குத் தடையே போட்டது, கண்டபடி ஹார்ன் அடிக்கச் சொல்லித் தூண்டுகிறது என்று.

கேள்வி: காரில் 'பேபி ஆன் போர்டு' ஒட்டுவது, விபத்து நடந்தால் மீட்க வருகிறவர்கள் உள்ளே குழந்தையைத் தேட வேண்டும் என்பதற்காகத்தானா? (கோவை)

பதில்: வாட்ஸ்அப்பில் வந்திருக்குமே! மீட்க வந்த யாரும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத் தேட மாட்டார்கள், ஒட்டாத வண்டியிலும் குழந்தை இருக்கும், ஒட்டிய வண்டி பாதி நேரம் குழந்தை இல்லாமல்தான் ஓடும். அமெரிக்காவில் 1984-இல் 'சேஃப்டி ஃபர்ஸ்ட்' நிறுவனம் மஞ்சள் பலகையாக விற்று பிரபலமாக்கியது இது. பின்னால் வருகிறவர் கொஞ்சம் தள்ளி, பொறுமையாக வரட்டும், அவ்வளவுதான் நோக்கம். பின்கண்ணாடியின் ஓரமாக ஒட்டுங்கள், நடுவில் ஒட்டினால் உங்களுக்கே பின்னால் வருவது தெரியாது. குழந்தைக்கு முதலில் கார் சீட் வாங்கியாயிற்றா?