பெங்குவின் மீன் பிடித்தால் தடுமாற்றம் தீருமா?

வாசகர் கேள்விகளுக்குத் திருச்சியைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 63 வயது. நான்கு மாதத்துக்கு முன் கடுமையான தலைசுற்றல் வந்தது. உள்காது நரம்பில் அழற்சி என்றார்கள். சுற்றல் நின்றுவிட்டது, ஆனால் தலையைத் திருப்பினால் இன்னும் தடுமாறுகிறார். பிசியோதெரபிக்கு அனுப்பினால், ஒரு பலகையில் நிறுத்தி டி.வி.யில் பெங்குவின் விளையாட்டு ஆடச் சொல்கிறார்களாம். “காசு கொடுத்து விளையாட அனுப்புவதா?” என்று மாமனார் கோபப்படுகிறார்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மாமனாரின் கோபம் எனக்குப் பழக்கமானதுதான். என் அம்மாவே அப்படிக் கேட்டிருக்கிறார்.

ஆறு வருடத்துக்கு முன் எனக்கும் இதே அழற்சி வந்தது, இடது காதில். முதல் இரண்டு நாள் சுவரைப் பிடித்தபடி தவழ்ந்துதான் குளியலறைக்குப் போனேன். பிறகு சுற்றல் அடங்கிவிட்டது. ஆனால் சத்திரம் பேருந்து நிலையத்தில் நடந்துகொண்டே பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியவில்லை. எழுத்துகள் குதித்தன, நின்றால்தான் அடங்கின.

காரணம் இதுதான். தலை வலப்பக்கம் திரும்பினால் கண்கள் அதே அளவு இடப்பக்கம் திரும்ப வேண்டும். உள்காதின் அரைவட்டக் குழாய்கள் தரும் செய்தியை வைத்து மூளை இதை ஏறக்குறைய ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் தொடங்கிவிடுகிறது. ஒரு காதின் நரம்பு கெட்டுப்போனால் கணக்கு தவறுகிறது, பார்வை வழுக்குகிறது. அந்த வழுக்கலைப் பார்த்துத்தான் சிறுமூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. தலையை அசைக்காமல் படுத்திருந்தால் வழுக்கலே இல்லை, திருத்தமும் இல்லை. தலைசுற்றுகிறதே என்று தலையைக் கழுத்தோடு கட்டிவைத்ததுபோல் நடக்கிறவர்கள் மாதக்கணக்கில் தேறாமல் இருப்பது இதனால்தான்.

ஆகவே தலையைத் திருப்ப வேண்டும், உடலின் எடையை இங்கும் அங்கும் மாற்ற வேண்டும், தினமும், பலமுறை. கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இடவலமாக ஆட்டுவது அடிப்படைப் பயிற்சி. நகம் தெளிவாகத் தெரிகிற வேகம் வரைக்கும்தான் ஆட்ட வேண்டும். இதைப் பதினைந்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் முறை வந்தபோது ஐந்தாம் நாளே ஏமாற்றத் தொடங்கினேன். அவ்வளவு சலிப்பு! சொந்த நகத்தை எத்தனை நாள்தான் பார்ப்பது?

அங்கேதான் பெங்குவின் உதவிக்கு வந்தது. உங்கள் மாமியார் ஏறி நிற்பது நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ பலகையாக இருக்கும். 2007இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நான்கு மூலைகளிலும் எடையை உணரும் கருவிகள் உண்டு. நாம் வலப்பக்கம் சாய்ந்தால், திரையில் பெங்குவின் நிற்கும் பனிக்கட்டியும் வலப்பக்கம் சாயும். பெங்குவின் வழுக்கிப்போய் மீனைக் கவ்வும். இன்னொரு விளையாட்டில் பறந்துவரும் பந்தைத் தலையால் முட்ட வேண்டும், நடுவே வரும் செருப்பைத் தவிர்க்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவந்த பழைய பலகையில், மீனுக்காக ஒரே மாலையில் நான் எத்தனை முறை சாய்ந்தேன் என்று எண்ணவில்லை. எண்ணத் தோன்றாததுதான் அதன் பலன்.

மாமனாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 1940களில் லண்டனில், தலையில் அடிபட்ட போர்வீரர்களுக்காகக் காவ்தோர்ன் என்ற காது மருத்துவரும் குக்ஸி என்ற மறுவாழ்வு மருத்துவரும் வகுத்த பயிற்சிப் பட்டியலிலேயே, குனிந்து நிமிர்ந்து குறிபார்க்கும் பந்து விளையாட்டுகள் இருந்தன. டி.வி. திரைதான் புதிது.

அதற்காக இது மந்திரப் பலகையும் அல்ல. டப்ளினில் ஒரு காதின் சமநிலை உணர்வை இழந்த 71 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்தப் பலகை, மற்றதற்கு வழக்கமான சமநிலைப் பயிற்சி என்று ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. நடையில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியிருந்தன. பலகைக் குழு அதிகமாக ரசித்துச் செய்தது. மாமியாருக்குப் பழைய பயிற்சியே சலிக்கவில்லை என்றால் பெங்குவின் தேவையில்லை. ஆடினாலும் நகப் பயிற்சியை விடக் கூடாது. மீன் பிடிக்கும்போது தலை அவ்வளவாகத் திரும்புவதில்லை.

கேள்வி: எனக்கும் ஒரு காதில் இதே குறைதான். பேரனின் செல்போனில் மிட்டாய்களை வரிசையாக்கும் விளையாட்டை தினமும் ஒரு மணி நேரம் ஆடுகிறேன். இதுவும் பயிற்சியில் சேருமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சேராது ஐயா. ஆடுவது உங்கள் கட்டைவிரல். தலை கல்லாட்டம் இருக்கிறது. தலை அசையாமல் கண்ணை மட்டும் ஓட்டும் பயிற்சி உங்கள் குறைக்குப் போதாது என்று அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் வழிகாட்டுதல் திட்டவட்டமாகவே சொல்கிறது. தலையை ஆட்டிச் செய்யும் பயிற்சிக்கு அது சொல்லும் அளவு: நோய் புதிதென்றால் நாளுக்கு மொத்தம் 12 நிமிடமாவது, நாள்பட்டதென்றால் 20 நிமிடமாவது. பிரித்துப் பிரித்துச் செய்யலாம்.

கனடாவின் வின்னிபெக் நகரில் இதற்கு அழகான வழி கண்டார்கள். காற்றில் அசைத்தாலே வேலை செய்யும் கணினி மவுஸைத் தலையில் பொருத்திவிட்டார்கள். தலையைத் திருப்பினால்தான் திரையில் பந்தைத் தட்டும் மட்டை நகரும், பந்து தப்பாது. சாதாரண விளையாட்டுகளே போதும். தேறத் தேற, ஸ்பாஞ்சு மெத்தைமேல் நின்று ஆட வைப்பார்கள். உங்கள் பேரன் கெட்டிக்காரனாக இருந்தால் பழைய தொப்பியில் அதைப் பொருத்திக் கொடுப்பான். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தே ஆடுங்கள்.

கேள்வி: பலகையில் ஏறினாலே குமட்டுகிறது. நிறுத்திவிடலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: கொஞ்சம் கிறுகிறுக்கத்தான் வேண்டும், துளியும் கிறுகிறுக்காத பயிற்சியால் மூளை எதையும் கற்பதில்லை. இறங்கி உட்கார்ந்து கால் மணி நேரத்தில் தணிந்துவிட்டால் தொடரலாம். அரை நாள் படுக்கவைத்தால் அளவு அதிகம், நேரத்தைப் பாதியாக்குங்கள். சுவர் மூலையில், முன்னால் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நில்லுங்கள். தலைசுற்றலை அமுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் மூளையின் இந்தப் படிப்பைத் தாமதப்படுத்தும்.

கேள்வி: படுக்கையில் புரண்டால் மட்டும் அரை நிமிடம் அறையே சுற்றுகிறது. எனக்கு எந்த விளையாட்டு?
— வாசகர், சிவகங்கை

பதில்: ஒன்றும் வேண்டாம். உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கலாம். பரிசோதித்து உறுதிசெய்தால், தலையை வரிசையாகச் சில நிலைகளில் சாய்த்து அவற்றை வெளியேற்றிவிடுவார்கள். சில நிமிட வேலை, பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும். காது மருத்துவரைப் பாருங்கள். ஆனால் சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் மரத்தாலோ, காது மருத்துவருக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.