புது கார் ஒரு பக்கமே இழுக்கிறது!

கேள்வி: புதிதாக வாங்கிய கார், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினாலே இடப்பக்கம் போகிறது. சர்வீஸில் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) செய்தும் சரியாகவில்லை. “ரோடு சாய்வுதான் காரணம், போகப்போகச் சரியாகிவிடும்” என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ரோடு சாய்வாக இருந்தால் வண்டி லேசாக ஓரம் போவது உண்மைதான். ஆனால் சமதளத்திலும் இழுத்தால் அது கோளாறு, தானாகச் சரியாகாது. முதலில் டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் காற்றைப் பாருங்கள். அப்புறம் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள் (சுழலும் திசை காட்டும் அம்புக்குறி டயரில் இருந்தால் முன்னதைப் பின்னால் மாற்ற வேண்டும்). இழுப்பு வலப்பக்கம் மாறினாலோ மறைந்தாலோ குற்றவாளி டயர்தான். புது டயரிலும் இந்தக் குறை வரும், அதை எந்த அலைன்மென்ட்டாலும் தீர்க்க முடியாது. மாறவில்லை என்றால் அலைன்மென்ட் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) இரண்டும் இடம் வலம் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். பலர் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்பார்கள், எனக்கு அதில்தான் கோபம். ஓட்டி நிறுத்தியதும் ஒரு முன்சக்கரம் மட்டும் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அதைச் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.

அடுத்த முறை மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஜாப் கார்டில் (சர்வீஸில் எழுதும் வேலைச் சீட்டு) “பொதுச் சோதனை” என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். “இடப்பக்கம் இழுக்கிறது” என்றே அதில் எழுதவைத்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்தபின் பிரச்சினை தொடர்ந்தால், இது முதலிலிருந்தே இருந்தது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.