ஃபெஸ் பழைய நகரில் எந்த மதரஸாவைப் பார்க்கலாம்?

முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அரை நாள்தான் தங்குவதாகவும், முஸ்லிம் அல்லாத உங்களை மதரஸாவுக்குள் அனுமதிப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். கராவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதோர் செல்ல முடியாது. ஆனால் அபூ இனான் சுல்தான் 1350களில் கட்டிய பூ இனானியா மதரஸாவின் முற்றத்துக்குக் கட்டணம் செலுத்தி யாரும் செல்லலாம்.

அதையே தேர்ந்தெடுங்கள். மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் கார் செல்லாது என்றாலும், பாப் பூ ஜலூத் வாசல்வரை டாக்சியில் வந்து இறங்கினால், அங்கிருந்து சில நிமிட நடையில் மதரஸா வந்துவிடும். அதன் ஒரு பகுதி இன்றும் பள்ளிவாசலாக இயங்குவதால், தொழுகை நேரங்களையும், முக்கியமாக வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்த்துவிடுங்கள்.

உள்ளே அவசரப்பட வேண்டாம். சுவரின் அடிப்பகுதியில் வண்ண ஓட்டுத்துண்டுகள், அவற்றின் மேல் நுணுக்கமாகச் செதுக்கிய சுண்ணச்சாந்து, அதற்கும் மேல் காலத்தால் கருத்த தேவதாரு மரம் என்று கண் படிப்படியாக ஏற வேண்டிய இடம் அது. தொழுகைக் கூடத்துக்கு முன்னால் முற்றத்தைக் குறுக்காகக் கடக்கும் நீர்க்கால்வாயையும் அதன் மேலுள்ள சிறு பாலங்களையும் அம்மாவுக்குக் காட்டுங்கள்.

அம்மாவுக்குத் தெம்பிருந்தால் மட்டும், 1325இல் முடிந்த அத்தாரீன் மதரஸாவுக்கும் போகலாம். பாதை முழுக்க இறக்கம் என்பதால், வந்த வழியே மேடேறித் திரும்பாமல், ர்சீஃப் சதுக்கத்துக்கு நடந்து அங்கே டாக்சி பிடியுங்கள். கழுதைக்காரர் "பாலக்" என்று குரல் கொடுத்தால் உடனே சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள்.