சாம்பல் பூசணிக்காயின் மேல் படியும் வெள்ளைப் பொடி நோயா?

தோட்டத்தில் முதல்முறை சாம்பல் பூசணி (நீர்ப்பூசணி, கல்யாணப் பூசணி எல்லாம் இதுதான்) போட்டவர்கள், காய் வெளுக்க ஆரம்பித்ததும் மருந்து தேடி ஓடுவார்கள். வேண்டாம். அது காய் தானே சுரக்கும் மெழுகு.

பிஞ்சில் வெறும் சுணைதான் இருக்கும், தொட்டால் குத்தும். முற்ற முற்றச் சுணை உதிர்ந்து, சாம்பல் பூசினாற்போல மெழுகு படியும். காயில் பெரும்பங்கு தண்ணீர். அது தோல் வழியாக வற்றாமலும், கிருமி எளிதில் நுழையாமலும் இந்தப் பூச்சு காக்கிறது. ஊறுகாய் ஜாடியில் மேலே நிற்கும் நல்லெண்ணெய் செய்கிற வேலை. முற்றிய காயை உறியில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது இதனால்தான்.

பறிக்கும் பக்குவத்துக்கும் இதுவே அடையாளம். கூட்டுக்கு என்றால் பிஞ்சாகவே எடுக்கலாம், சரி. வடகத்துக்கோ காசி அல்வாவுக்கோ என்றால் நன்றாக வெளுக்கட்டும். காம்பைக் கொஞ்சம் விட்டே நறுக்குங்கள். அப்புறம், பளபளப்பாக இருக்கட்டும் என்று தேய்த்துக் கழுவி வைக்காதீர்கள், மெழுகு போய்விடும்.

இலையில் திட்டுத்திட்டாகப் படரும் வெள்ளையும் இதுவும் ஒன்றல்ல: அது சாம்பல் நோய் என்கிற பூஞ்சை, அதற்குத்தான் வைத்தியம் வேண்டும்.