காவிரி டெல்டாவில் இரும்பு உருக்கும் கரி உலைகள் இருந்தனவா? கரி உலை என்றால் என்ன?

கரி உலை என்பது, இரும்புக்கல்லையும் மரக்கரியையும் அடுக்கடுக்காகப் போட்டு, துருத்தியால் காற்றூதி இரும்பு எடுத்த களிமண் உலை.

ஏன் விறகு போடாமல் கரி? பச்சை மரத்தில் நீரும் புகையும்தான் அதிகம். கரிக்கோ இரண்டு வேலை: சூடு தரும், எரியும்போது வரும் வாயு கல்லில் இரும்போடு ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கல்லிலுள்ள மண்ணும் அழுக்கும் இளகி, சிட்டமாக ஒழுகிவிடும். தேங்காய்ப்பூவைப் பிழிந்தால் பால் இறங்கிச் சக்கை நிற்குமே, அதுபோல. ஆனால் இங்கே நமக்கு வேண்டியது சக்கைதான்! கடற்பஞ்சு போலத் துளைதுளையாக நிற்கும் அந்தக் கட்டியைச் சுடச்சுடச் சம்மட்டியால் அடித்தால், மிச்சச் சிட்டமும் தெறித்துவிடும்.

சரி, டெல்டாவுக்கு வருவோம். தஞ்சாவூர்ப் பக்கம் வண்டல் மண். நெல்லுக்குச் சொர்க்கம், இரும்புக்கல்லுக்கு வழியில்லை. கல் இருந்தது மேற்கே, சேலம் கஞ்சமலைப் பக்கம். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய பழைய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. டெல்டாவின் வடக்கு விளிம்பைத் தாண்டிய பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பெரிய ஆலையே வைத்தார். கல் சேலத்திலிருந்து, எரிபொருள் மரக்கரி. ஆலைக்குக் கரி எவ்வளவு வந்தாலும் போதவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மூடியாயிற்று.

அப்புறம் ஒன்று: பழைய நாட்டு உலையில் இரும்பு தண்ணீராக உருகி ஓடியது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த உலை அவ்வளவு தூரம் போகாது, ஓடியது சிட்டம்தான்.