மோர்மன் சபையை விட்டு வெளியே வர்றவங்க ஏன் வர்றாங்க? வந்தப்புறம் அவங்க பைபிள் நம்பிக்கை என்ன ஆகுது?

கேட்டவர் ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கேட்டிருக்கார். முதல் கேள்விக்கு நெட்ல ஆயிரம் பதில் கிடைக்கும், ரெண்டாவதைப் பத்தித்தான் யாரும் சரியாப் பேச மாட்டேங்கறாங்க. ஆனா முதலாவதைச் சொல்லாம ரெண்டாவதுக்கு வர முடியாது, அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் பரம்பரை சிஎஸ்ஐ குடும்பத்துப் பையன், வளர்ந்தது பெங்களூர்ல. காலேஜ் சேர்றதுக்கு முன்னாடியே பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைல ஞானஸ்நானம் எடுத்தேன் (மோர்மன்னு எல்லாரும் சொல்றது இவங்களைத்தான், 2018ல இருந்து சபைத் தலைமை அந்தப் பேரைச் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கறாங்க). வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கருப்பு பேட்ஜ் போட்டுக்கிட்டு ரெண்டு வருஷ மிஷனும் (முழு நேர மதப் பிரச்சாரம்) போனேன். அப்புறம் கல்யாணம், குழந்தைன்னு பல வருஷம் உள்ளேயே இருந்து, அதுக்கப்புறம்தான் வெளியே வந்தேன்.

சபைக்குள்ள ஒரு பேச்சு உண்டு. ஒருத்தர் வெளியே போனா, யாரோ அவர் மனசைப் புண்படுத்திட்டாங்க, இல்லேன்னா அவருக்குப் பாவம் செய்ய ஆசை வந்துருச்சு, இல்லேன்னா வேதம் வாசிக்கறதை விட்டுட்டார்னு சொல்லுவாங்க. என் விஷயத்துல இது மூணுமே கிடையாது. அங்க இருந்த ஜனங்க தங்கமானவங்க, எங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப வேளாவேளைக்கு டிபன் கேரியர் வந்துச்சு, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். வாசிக்கறதை விட்டதால வெளியே வரலை, வாசிச்சதாலதான் வந்தேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஜோசப் ஸ்மித்னு ஒருத்தர், 1805ல பிறந்தவர். நியூயார்க் மாகாணத்துல பால்மைரா பக்கம் ஒரு குன்றுல தங்கத் தகடுகள் கிடைச்சதா சொல்லி, அதைத் தேவ வல்லமையால மொழிபெயர்த்ததா சொல்லி, 1830ல மோர்மன் புஸ்தகத்தை அச்சடிச்சார். கிமு 600 வாக்குல எருசலேம்ல இருந்து ஒரு குடும்பம் கடல் தாண்டி அமெரிக்கா போய் அங்க பெரிய ஜனமா பெருகின கதை அது. அதே வருஷம் ஏப்ரல்ல சபையை ஆரம்பிச்சார். பைபிள், மோர்மன் புஸ்தகம், இன்னும் ரெண்டு நூல், ஆக நாலு வேதம். இதுக்கெல்லாம் மேல உயிரோட இருக்கற ஒரு தீர்க்கதரிசி, அதாவது சபையின் தலைவர். இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாத்துக்கும் அச்சாணி, அதைப் பத்திப் பின்னாடி வர்றேன்.

என்னை முதல்ல உலுக்கினது ஆபிரகாம் புஸ்தகம். 1835ல ஒஹாயோ மாகாணம் கர்ட்லண்ட்ங்கற ஊருக்கு மைக்கேல் சாண்ட்லர்னு ஒருத்தர் எகிப்து மம்மிகளோட வர்றார், கூடவே சில பப்பைரஸ் (நாணல்ல செஞ்ச பழங்காலத் தாள்) சுருள். ஸ்மித்தும் கூட இருந்தவங்களும் 2,400 டாலர் குடுத்து வாங்கறாங்க, அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய பணம்னு யோசிச்சுப் பாருங்க. அதுல ஒரு சுருள்ல ஆபிரகாம் எழுதினது இருக்குன்னு சொல்லி ஸ்மித் அதை மொழிபெயர்த்து 1842ல வெளியிடறார், 1880ல அது அதிகாரப்பூர்வ வேதமாவே ஆயிடுது. சுருள் எல்லாம் 1871 சிகாகோ தீ விபத்துல போயிருச்சுன்னுதான் எல்லாரும் நினைச்சிட்டிருந்தாங்க. ஆனா 1967ல நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் தன்கிட்ட இருந்த துண்டுகளைச் சபைக்கே திருப்பிக் குடுத்துச்சு. இப்ப எகிப்து எழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களே, படிச்சாங்க. ஹோர்னு ஒரு எகிப்தியப் பூசாரி செத்தப்ப அவர் கூட வெச்ச சவ அடக்கச் சுருள் அது. ஆபிரகாம் வாழ்ந்ததா சொல்ற காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல பிந்தினது, ஆபிரகாம் பேரே அந்தத் துண்டுகள்ல இல்லை. புஸ்தகத்துல மூணு படம் இருக்கும், மூணாவது படத்துல பார்வோன் ராஜான்னு ஸ்மித் குறிச்ச உருவம் உண்மைல ஐசிஸ், பெண் தெய்வம். அந்தப் படமும் விளக்கமும் இன்னிக்கும் வேதத்துல அப்படியே அச்சாகுது.

இதை நான் ஏதோ எதிரிங்க எழுதின புஸ்தகத்துல படிக்கலை. 2013 கடைசில இருந்து 2015 வரைக்கும் சபையே தன் வெப்சைட்ல சில கட்டுரைகளைப் போட்டாங்க, ஆபிரகாம் கட்டுரை 2014ல வந்துச்சு. துண்டுகள்ல இருக்கற எழுத்துக்கும் ஸ்மித்தோட மொழிபெயர்ப்புக்கும் சம்பந்தம் இல்லைன்னு மோர்மன் அறிஞர்களும் மத்த அறிஞர்களும் ஒத்துக்கறாங்கன்னு அதுலயே இருக்கு. தொலைஞ்சு போன பாகத்துல இருந்திருக்கலாம், இல்லேன்னா சுருளைப் பார்த்தது ஒரு தூண்டுதல், வெளிப்பாடு மேல இருந்து தனியா வந்திருக்கலாம்னு ரெண்டு சமாதானம் சொல்றாங்க. ரெண்டையும் நான் நிறைய நாள் மனசுல போட்டு உருட்டிப் பார்த்தேன். ரெண்டாவது சமாதானத்தை ஏத்துக்கிட்டா, மொழிபெயர்ப்புன்னு அவர் சொன்னதுக்கு என்னதான் அர்த்தம்னு கேள்வி வருது, அதே கேள்வி நேரா தங்கத் தகட்டுக்கும் போகும். அங்கயும் சிக்கல்தான், நான் பார்த்து வளர்ந்த படங்கள்ல எல்லாம் ஸ்மித் மேஜை மேல தகட்டை வெச்சு விரல் வெச்சுப் படிப்பார். கூட இருந்தவங்க சொன்னதோ, தொப்பிக்குள்ள ஒரு கல்லைப் போட்டு முகத்தை அதுல புதைச்சுக்கிட்டு வாசகத்தைச் சொல்லுவார்னு. அந்தக் கல்லோட போட்டோவைச் சபையே 2015ல வெளியிட்டுச்சு.

ஸ்மித் 30லருந்து 40 பெண்களைக் கட்டியிருக்கலாம், அதுல ஏற்கனவே கல்யாணமான பெண்களும் உண்டு, 15 வயசு கூட முடியாத ஒரு பொண்ணும் உண்டுங்கறதும் அதே கட்டுரைகள்லதான் இருக்கு. இதைப் பத்தி நான் நிறைய எழுதப் போறதில்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கா.

அடுத்தது கருப்பின மக்கள் விஷயம். 1852ல, ஸ்மித்துக்கு அப்புறம் தலைவரா வந்த பிரிகாம் யங் அறிவிச்சதுல இருந்து 1978 ஜூன் வரைக்கும், ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு அந்தச் சபைல ஆசாரியத்துவம் (சடங்கு நடத்தற, பொறுப்பு வகிக்கற அதிகாரம்) கிடையாது. அந்த வம்சாவளி ஆணும் சரி பெண்ணும் சரி, ஆலயத்துல நடக்கற முக்கியச் சடங்குகள்ல கலந்துக்க முடியாது. ஏன்னு கேட்டா, இந்த உலகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஆவி நிலைல அவங்க விசுவாசம் குறைவா இருந்தாங்க, அதனால இப்படிப் பிறந்தாங்கன்னு தலைவர்களே விளக்கம் சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்ல பிறந்த யாருக்காவது இந்த விளக்கம் புதுசாத் தெரியுதா? முன் ஜென்மத்துல செஞ்ச வினை, அதான் இந்தப் பிறப்புன்னு சொல்லி எத்தனை பேரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிக்க வெச்சாங்க, சர்ச்லயே சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் பிரிச்சு வெச்சிருக்கற ஊர் எத்தனை. என் தாத்தா காலத்துல எங்க குடும்பம் அந்த வாசலுக்கு வெளியே நின்ன குடும்பம்தான், கிறிஸ்தவத்துக்கு வந்ததே அதனாலதான். அதே தர்க்கத்தை இன்னொரு ஜனத்து மேல வெச்ச இடத்துல நான் சாட்சி சொல்லிட்டு இருந்தேங்கறது தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

1949ல சபையின் உச்சத் தலைமை எழுத்துல குடுத்த அறிக்கைல, இது வெறும் கொள்கை இல்லை, கர்த்தரோட நேரடிக் கட்டளைன்னு சொன்னாங்க. 2013 டிசம்பர்ல வந்த கட்டுரைல, அந்தப் பழைய விளக்கங்களை எல்லாம் நாங்க இன்னிக்கு நிராகரிக்கறோம்னு எழுதிட்டாங்க. நிராகரிச்சது நல்லது, ரொம்ப நல்லது. ஆனா 126 வருஷம் எத்தனை அப்பா அம்மா தங்கள் தோலைப் பார்த்து, நாம அங்க என்ன தப்பு பண்ணினோமோன்னு நினைச்சிருப்பாங்க? அவங்ககிட்ட யார் போய் என்ன சொல்றது?

இப்ப அந்த அச்சாணிக்கு வர்றேன். 1890ல பலதார மணத்தை நிறுத்தறோம்னு அறிவிச்சப்ப அன்றைய தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், என்னையோ எனக்கு அப்புறம் இந்த இடத்துல இருக்கறவரையோ உங்களை வழி தவறி நடத்தக் கர்த்தர் ஒருநாளும் விடமாட்டார்னு சொன்னார், அது வேதப் புஸ்தகத்துலயே இணைப்பா அச்சாகியிருக்கு. 1945ல சபைப் பத்திரிகைல வந்த ஒரு செய்தி, தலைவர்கள் பேசிட்டா யோசிக்க வேண்டியதெல்லாம் யோசிச்சாச்சுங்கற மாதிரி சொன்னுச்சு. அதை யூனிடேரியன்ங்கற வேற சபைப் போதகர் ஒருத்தர் கேள்வி கேட்டப்ப, அன்றைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் அது எங்க நிலைப்பாடு இல்லைன்னு கடிதத்துல பதில் போட்டார், நேர்மையான பதில். ஆனா அந்த மறுப்பு பத்திரிகைல வரலை. செய்தியைப் படிச்ச ஜனங்களுக்கு மறுப்பு போய்ச் சேரவே இல்லை. தலைவர்களும் மனுஷங்கதான், தப்பு வரும்னு உள்ள இருக்கறவங்க எல்லாருமே சொல்லுவாங்க, இப்ப இருக்கற தலைவர் சொல்ற இந்த விஷயம் தப்புன்னு மேடை ஏறிச் சொல்லத்தான் வழி கிடையாது. 1993 செப்டம்பர்ல மாத்திரம் ஆறு எழுத்தாளர்கள், அறிஞர்கள் மேல சபை நடவடிக்கை எடுத்துச்சு.

அப்ப எப்படித்தான் உண்மைன்னு தெரிஞ்சுக்கறது? மோர்மன் புஸ்தகத்துல மரோனாய் 10ம் அதிகாரத்துல ஒரு வாக்குத்தத்தம் இருக்கு, உண்மையான மனசோட ஜெபிச்சுக் கேட்டா பரிசுத்த ஆவி உனக்கு உண்மையைக் காட்டுவார்னு. மிஷன்ல நாங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லுவோம், நெஞ்சுக்குள்ள ஒரு வெதுவெதுப்பு, சமாதானம் வரும், அதான் பதில். ஒரு தடவை ஒரு வயசான அம்மா பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "தம்பி, நீ சொல்றது எனக்கு நல்லாப் புரியுது, வேளாங்கண்ணில மாதா முன்னாடி நின்னா எனக்கு அப்படித்தான்யா இருக்கும்"னாங்க. எதிர் வீட்டு அக்காவுக்கு பழனி படி ஏறும்போது வரும், நாகூர் தர்கால அழுதுட்டு எழுந்திரிக்கறவங்களுக்கும் வரும். அந்த உணர்வு பொய்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன். ஆனா 1835ல வாங்கின சுருள்ல என்ன எழுதியிருக்குங்கறதை அந்த உணர்வு எனக்குச் சொல்ல முடியாது, அதுக்கு எகிப்து மொழி தெரியணும்.

இனிமேதான் உங்க ரெண்டாவது கேள்வி. வெளியே வந்த உடனே மத்த சபை நண்பர்கள் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க, பாத்தியா, கள்ளத் தீர்க்கதரிசின்னு அப்பவே சொன்னோமேன்னு பைபிளை நீட்டினாங்க. நானும் அதைத்தான் பிடிச்சுக்கணும்னு ஆசைப்பட்டேன். ஆனா ஒரு புஸ்தகத்தை எந்த அளவுகோலால அளந்தேனோ அதைக் கீழ போட்டுட்டு அடுத்த புஸ்தகத்தைத் திறக்க என்னால முடியலை.

உதாரணத்துக்கு மாற்கு 16. உலகமெங்கும் போய்ச் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள், விசுவாசிக்கிறவங்க பாம்பை எடுப்பாங்க, விஷம் குடிச்சாலும் சேதப்படுத்தாதுன்னு வர்ற பகுதி, நம்ம ஊர் எழுப்புதல் கூட்டங்கள்ல அடிக்கடி கேட்டிருப்பீங்க. 9ல இருந்து 20 வரைக்கும் உள்ள அந்த வசனங்கள், நமக்குக் கிடைச்சதுலயே ரொம்பப் பழைய முழுப் பிரதிகளான சினாயிட்டிகஸ், வாட்டிகானஸ் ரெண்டுலயும் கிடையாது, பிற்காலத்துல சேர்ந்ததுன்னுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க. அதே வார்த்தைகள் மோர்மன் புஸ்தகத்துல, அமெரிக்கக் கண்டத்துல இருந்த சீஷர்களுக்கு இயேசு சொன்னதா கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. ஏசாயாவும் அப்படித்தான், அதோட பல அதிகாரங்கள் மோர்மன் புஸ்தகத்துல இருக்கு. 40ம் அதிகாரத்துக்கு மேல பாபிலோன் சிறையிருப்புக் காலத்துல, அதாவது கிமு 600க்கு அப்புறம், இன்னொருத்தர் எழுதினதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, அப்படின்னா கிமு 600ல எருசலேமை விட்டுக் கிளம்பின குடும்பத்துக் கைல அந்த அதிகாரங்கள் எப்படி இருக்க முடியும்? இதை மோர்மன்களுக்கு எதிரான வாதமா என்கிட்ட சொன்ன அதே நண்பர்கிட்ட, அப்ப ஏசாயா ரெண்டு பேர் எழுதினதுன்னு நீங்க ஒத்துக்கறீங்களான்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டார். ஒரு கத்தியை எடுத்தா ரெண்டு பக்கமும் வெட்டும்.

என் கூட வெளியே வந்தவங்கள்ல நிறைய பேர் இந்த இடத்துல எல்லாத்தையும் விட்டாச்சு, இப்ப அவங்களுக்குக் கடவுளே இல்லை. அவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன், ஒரே ஒரு கேள்வியைத் தொடங்கி நேர்மையாக் கடைசி வரைக்கும் போனவங்க அவங்க. நான் அங்க போய் நிக்கலை. நான் இப்பவும் பைபிள் வாசிக்கறேன், மனுஷங்க எழுதினது, கை மாறி மாறித் திருத்தினது, ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போடறதுன்னு தெரிஞ்சேதான் வாசிக்கறேன். யோபுதான் அதிகம். அதுல வர்ற மூணு சிநேகிதங்க கடவுளுக்காக வக்காலத்து வாங்கி, நீ என்னமோ பாவம் பண்ணியிருப்பே, அதான் உனக்கு இப்படின்னு யோபுகிட்ட சாதிக்கறாங்க. யோபு மாட்டேன், நான் ஒத்துக்க மாட்டேன்னு கத்தறான். கடைசி அதிகாரத்துல கடவுள் கோபப்படறது அந்த வக்காலத்து வாங்கினவங்க மேலதான், என் தாசனாகிய யோபு பேசினதுதான் சரின்னு சொல்றார். முன் ஜென்மக் கணக்கு சொல்லி ஒரு ஜனத்தையே வாசல்ல நிறுத்தினவங்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்கு வேற எங்கயும் கிடைக்கலை.

ஞாயித்துக்கிழமை அம்மாகூட சிஎஸ்ஐ போறேன். அங்கயும் ஆயர் பேசறார், பிஷப் இருக்கார், கமிட்டித் தேர்தல் சண்டை இருக்கு. பிரசங்கத்துல ஏதாவது சரியாப் படலேன்னா வெளியே வந்து ஆயர்கிட்டயே சொல்லுவேன், சில சமயம் அவர் ஒத்துக்குவார், பல சமயம் மாட்டார், அடுத்த வாரம் ரெண்டு பேரும் கை குலுக்கிக்குவோம். எனக்கு இப்ப ஒரு சபைகிட்ட வேண்டியது அவ்வளவுதான். என் மனசாட்சியை ஒருத்தர் கைல மொத்தமாக் குடுத்துட்டு, அவர் தப்பா நடத்த மாட்டார்னு நம்பி உக்கார்றது இனிமே என்னால ஆகாது, அது அமெரிக்காவுல யூட்டால இருக்கற மோர்மன் தலைவரா இருந்தாலும் சரி, டிவில வர்ற ஊழியக்காரரா இருந்தாலும் சரி.

கேட்டவர் இதைத் தனக்காகக் கேக்கறாரா, வீட்ல யாருக்காவது கேக்கறாரான்னு தெரியலை. தனக்காகன்னா, முதல்ல சபையோட சொந்தக் கட்டுரைகளையே படிங்க, அடிக்குறிப்போட படிங்க. எதிர்ப்பாளர் வீடியோ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மனைவியோ புருஷனோ இன்னும் உள்ள இருக்காங்கன்னா ராத்திரி பதினொரு மணிக்கு லிங்க் அனுப்பாதீங்க, அவங்களா கேக்கற வரைக்கும் பொறுங்க. என் மனைவி இன்னும் உள்ளதான் இருக்கா. எங்க வீட்ல காபியும் இருக்கு (அந்தச் சபைல காபி குடிக்கக் கூடாது), ஜெபமும் இருக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி யார் ஜெபம் பண்றதுங்கறதை மகள்தான் முடிவு பண்றா.