லெத்தர்ஜி என்றால் சோம்பல்தானா?

கேள்வி: மருத்துவமனையில் கொடுத்த சீட்டில், 'குழந்தை லெதார்ஜிக்காக இருந்தால் உடனே அழைத்து வரவும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அகராதியில் 'சோம்பல்' என்று இருக்கிறது. சோம்பலுக்கா மருத்துவமனைக்கு ஓடுவது?

பதில்: அகராதி சொன்னது பாதிதான். சீட்டில் உள்ளது வேறு. விழித்திருக்க வேண்டிய நேரத்தில் குழந்தை துவண்டு கிடக்கும். கூப்பிட்டால் திரும்பாது, வெறித்துப் பார்க்கும். எழுப்பினாலும் மறுபடி கண் சொருகும். 2 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி இதை அபாய அறிகுறி என்கிறது: வலிப்பு, பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாவது ஆகியவற்றோடு ஒரே வரிசை. வயிற்றுப்போக்கின்போது இதோடு கண்ணும் குழிந்திருந்தால் கடும் நீரிழப்பு என்றே கணக்கு. தட்டி எழுப்பினால் சிணுங்கி அழுது, பிறகு நன்றாக விழித்துப் பால் குடிக்கிற பிள்ளைக்கு வெறும் தூக்கம்தான்.

சொல்லின் பிறப்பே நோயில்தான். கிரேக்கத்தில் 'லேதே' என்றால் மறதி. பாதாள உலகில் ஓடும் மறதி நதிக்கும் அதே பெயர். 'ஆர்கோஸ்' என்றால் வேலையற்றது: 'எர்கோன்' (வேலை) முன்னால் எதிர்மறை 'அ' சேர்ந்து உருவானது. இரண்டும் கூடிய 'லேதார்கியா' பழைய கிரேக்க வைத்தியத்தில், நினைவு தப்பி உறங்கிக் கிடக்கும் நோயின் பெயர். லத்தீன், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் நோயாகவே வந்தது. சோம்பல் என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. எதனோடும் எளிதில் வினைபுரியாத ஆர்கான் வாயுவுக்கு 1894இல் பெயர் வைத்ததும் இதே 'ஆர்கோஸ்' சொல்லிலிருந்துதான். 'லீத்தல்' (உயிரைக் கொல்லும்) என்ற ஆங்கிலச் சொல் மட்டும் உறவில்லை. அது லத்தீன் 'லேட்டும்' (சாவு) வழி வந்தது. நடுவில் உள்ள 'ஹெச்' எழுத்து, 'லேதே'யோடு குழப்பிக்கொண்டதால் நுழைந்தது.

மறதியையும் மந்தத்தையும் சேர்த்துக் கட்டியது கிரேக்கர் மட்டுமல்ல. 'நெடுநீர் மறவி மடிதுயில்' என்று குறள் 605 காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், தூக்கம் நான்கையும் ஒரே மூட்டையில் வைக்கிறது.

தமிழாக்கும்போது இடம் பார்க்க வேண்டும். நோயாளிக்கு 'துவண்டு கிடத்தல்', சாப்பாட்டுக்குப் பின் வருவதற்கு 'மந்தம்', வேலை இழுத்தடிக்கும் அலுவலகத்துக்கு 'மெத்தனம்'. 'மெத்தன'த்தில் குற்றச்சாட்டு உண்டு. நோயாளியிடம் அந்தச் சொல் போகக் கூடாது.

உச்சரிப்பில் அழுத்தம் இடம் மாறும்: பெயர்ச்சொல் 'லெத்தர்ஜி'யில் முதல் அசை, பெயரடை 'லெதார்ஜிக்'கில் இரண்டாவது அசை. 'ஐ ஆம் லெத்தர்ஜி' என்பது பிழை. 'ஐ ஃபீல் லெதார்ஜிக்' என்பதே சரி.